பள்ளி மூடிய காலத்துப் பாடம்: அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இடைவெளி எந்த இடத்தில் விழுந்தது?

■ கரும்பலகை

2020-இல் பள்ளிகள் மூடியதைப் பற்றிப் பேச்சு வந்தால் "தனியார் பள்ளியில் ஆன்லைன் கிளாஸ் நடந்தது, அரசுப் பள்ளியில் நடக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அடுத்த முறை தொற்றோ வெள்ளமோ வெப்ப அலையோ வந்து கதவு மூடினால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் தயார் செய்ய முடியாது. அதற்காகத்தான் இந்த இழை.

அளவு தெரிவதற்குச் சில எண்கள். 2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. 3 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது சுமார் 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையமே இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் யுனிசெஃப் சொன்னது. அரசு, தனியார் என்று பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் பிரிட்டனைப் பற்றியது அதிகம் பேசப்பட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் செய்த அந்த ஆய்வில், முதல் மூடலின்போது நாளுக்கு 4 அல்லது அதற்கு மேல் நேரலைப் பாடம் நடத்திய தனியார் பள்ளிகள் 31 சதவீதம், அரசுப் பள்ளிகள் 6 சதவீதம்.

கேள்வி இதுதான்: இந்த 31-க்கும் 6-க்கும் நடுவே குழந்தை இழந்தது நேரலை வகுப்பையா, அல்லது அதற்குப் பின்னால் இருந்த வேறொன்றையா? கருத்தோடு விவரமும் சேர்த்து எழுதுங்கள்.

■ அலைவரிசை

டேட்டாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதிப் பேச்சு அங்கேதான் தடம் மாறுகிறது.

குழு வீடியோ அழைப்பு நொடிக்கு 600 கிலோபிட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி. குழந்தையின் கேமராவும் ஓடினால் அதே அளவு மேலேயும் போகும், மொத்தம் 540 எம்பி. 40 நிமிட வகுப்பு 4 என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கருவி, 2.8 ஜிபி. ஒரு கைபேசியின் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இது மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதே பாடத்தைக் குரல் பதிவாக 24 கிலோபிட்டில் அனுப்பினால் 10 நிமிடத்துக்கு 1.8 எம்பி. கூடவே பாடப்பக்கத்தின் படம் ஒன்று, நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைத்தால் 300 கேபி அளவில் நிற்கும். ஆகமொத்தம் 2 எம்பி சொச்சம். இரவில் ஒரு முறை இறக்கிவைத்தால் மறுநாள் சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். பலகையில் எழுதுவதைக் காட்டியே ஆக வேண்டிய கணக்குப் பாடத்துக்கு, ஆசிரியர் முகம் இல்லாமல் எழுதும் கை மட்டும் தெரியும்படி 150 கிலோபிட்டில் பதிவு செய்யுங்கள். 20 நிமிடம் 23 எம்பிக்குள் அடங்கும்.

அதிகம் நடந்த தவறு: ஆசிரியரின் கருவியில் நன்றாக ஓடியதை வைத்துத் திட்டம் போட்டது. வகுப்பிலேயே மிக மோசமான கருவி எது, யார் வீட்டில் சிக்னல் மிகக் குறைவு என்று பார்த்து, அதில் ஓடுவதை அடிப்படையாக வைக்க வேண்டும். வசதி இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். பல தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்களது மிக மோசமான கருவியும் ஒரு மடிக்கணினி. அதே பிரிட்டன் ஆய்வில் தனியார் பள்ளி மாணவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வீட்டில் கணினி இருந்தது. வறுமையால் பள்ளியில் இலவச உணவு பெறும் மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இல்லை.

■ திருத்தும் பேனா

டேட்டா கணக்கு சரி. ஆனால் அது பாடம் குழந்தைக்குப் போகும் வழி மட்டும். இடைவெளி விழுந்தது திரும்பி வரும் வழியில் என்பது என் உறுதியான கருத்து. குழந்தை எழுதியதை யார் பார்த்தார், எத்தனை நாளில் பார்த்தார், என்ன பதில் சொன்னார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாட ஆசிரியருக்கு 5 பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 200 நோட்டு. கைபேசியில் வந்த படத்தைத் திறந்து, சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, படித்து, ஒரு வரி எழுதி அனுப்ப 3 நிமிடம். 600 நிமிடம், அதாவது ஒரு சுற்றுக்கு 10 மணி நேரம். பிரிவுக்கு 20 பேர் இருக்கும் பள்ளியில் இதே வேலை 5 மணி நேரம். முதல் ஆசிரியர் வாரம் ஒரு முறை திருத்துவதற்கே திணறுவார். இரண்டாமவர் இரண்டு முறை திருத்திவிடுவார். இங்கே அக்கறையில் குறைவில்லை, தலைக்கணக்கு அப்படி. தனியார் பள்ளிகளின் பெரிய பலமாக இருந்தது இதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வீடியோதான் கண்ணில் பட்டது.

இங்கிலாந்தின் கல்வி அறக்கட்டளை நிதியம் 2020 ஏப்ரலில் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பாடம் நேரலையா பதிவா என்பதைவிட, விளக்கம் தெளிவாக இருக்கிறதா, படிப்படியாகத் தாங்கிப் பிடிக்கிறதா, பதில் கிடைக்கிறதா என்பவையே பெரிது என்று சொன்னது.

அதனால் 200 பேர் இருக்கும் ஆசிரியர் செய்யக்கூடியது:

எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டாம். ஒரு வாரப் பாடத்துக்கு 10 கேள்வி கொடுத்தால் அதில் 2 மட்டும் ஆசிரியர் பார்வைக்கு. அந்த இரண்டும் குழந்தை எங்கே இடறுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகளாக இருக்க வேண்டும். உதாரணமாக, கடன் வாங்கிக் கழித்தலில் 503 - 278. நடுவில் பூஜ்யம் இருப்பதால் முறை புரியாதவர்கள் அங்கே பிடிபடுவார்கள். 375 என்று வந்தால் சிறிய இலக்கத்தைப் பெரியதிலிருந்து கழித்திருக்கிறார்கள், 235 என்று வந்தால் பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்கி, அதை 9 ஆக்காமல் 10 ஆகவே வைத்திருக்கிறார்கள். விடையைப் பார்த்தாலே தவறின் வகை தெரியும், நோட்டு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. வகைக்கு ஒரு குரல் பதிவு செய்து வைத்துக்கொண்டு, யாருக்கு எது பொருந்துமோ அதை அனுப்பலாம். 3 நிமிடம் 40 நொடிக்கு இறங்கிவிடும். மற்ற 8 கேள்விக்குச் சரியான விடைகளை இரண்டு நாள் கழித்து அனுப்பினால் போதும்.

■ நேர அட்டவணை

திருத்தும் பேனா சொன்னதில் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. நேரலை வகுப்பை இவ்வளவு எளிதாக ஒதுக்குவதை மட்டும் ஏற்க முடியவில்லை. காலை 9 மணிக்கு ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதற்காகவே எழுந்து முகம் கழுவி உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பதிவு செய்த பாடம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகும். நேரலையைப் பாடம் நடத்த வைத்துக்கொள்ள வேண்டாம். 20 நிமிடம் வருகை, ஒரு கேள்வி, அன்றைய வேலை என்ன என்று சொல்ல மட்டும் வைத்துக்கொண்டால் குரல் அழைப்பிலேயே நடத்திவிடலாம், டேட்டாவும் தாங்கும்.

40 நிமிட நேரலை வகுப்பில் எவ்வளவு வீணாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுழைய 5 முதல் 7 நிமிடம், "மிஸ், கேட்கவில்லை" 3 நிமிடம், திரையைப் பகிர 2 நிமிடம். மிஞ்சுவது 28. தனியார் பள்ளிகளில் இந்த இழப்பு சில வாரங்களில் குறைந்துவிட்டது. மாணவருக்கென்று பள்ளி மின்னஞ்சல் கணக்கு முன்பே இருந்தது, ஒரே இணைப்பு ஆண்டு முழுவதும் மாறவில்லை, டைம்டேபிளும் வகுப்பறையில் இருந்ததே. அரசுப் பள்ளிகளில் இணைப்பு தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் போகும். குரூப்பில் இருப்பதோ அப்பாவின் எண். அவர் வேலைக்குப் போனால் இணைப்பும் கூடவே போய்விடும்.

ஆகவே பள்ளி திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியது கணக்கு தொடங்கும் வேலை. வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணை வைத்துப் பயனர் பெயர், நினைவில் நிற்கும் இரண்டு சொல் சேர்த்த கடவுச்சொல், இரண்டையும் அச்சடித்த சீட்டு நோட்டின் பின்னட்டையில். ஆசிரியரிடம் இன்னொரு பிரதி. வகுப்பறையிலேயே ஒவ்வொரு குழந்தையும் ஒரு முறை உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும். இந்த ஒத்திகை இல்லாமல் மூடல் வந்தால் முதல் இரண்டு வாரம் கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பதிலேயே கரைந்துவிடும். சிறு பிள்ளைகளின் கணக்குக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சேர்க்கைப் படிவத்தோடு வாங்கிவைத்தால் அலைய வேண்டாம்.

அரசு விதி போட்டால் நடக்கும் என்பதற்கும் இங்கிலாந்தில் சான்று இருக்கிறது. 2020 அக்டோபர் 22 முதல், அரசு நிதியில் படிக்கும் மாணவர்களுக்குத் தொலைவழிக் கல்வி தருவது சட்டக் கடமையானது. 2021 ஜனவரி மூடலில் நாளுக்குக் குறைந்தது எத்தனை மணி என்றும் சொன்னார்கள்: தொடக்க நிலையின் கீழ் வகுப்புகளுக்கு 3, மேல் வகுப்புகளுக்கு 4, உயர்நிலைக்கு 5. மடிக்கணினிகளும் 13 லட்சத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தன. ஆனால் 2020 ஏப்ரலில் அறிவித்த முதல் 2 லட்சம் கைக்கு வர ஜூன் மாதம் ஆகிவிட்டது. முதல் மூடலின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துபோயிற்று.

■ கரும்பலகை

இணையமே இல்லாத அந்த மூன்றில் இரண்டு பங்குக்கு என்ன வழி? அதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

■ மணியோசை

சாதாரண தொலைபேசி அழைப்பு. ஸ்மார்ட்போன் வேண்டாம். இதற்குச் சான்றும் பலமாக இருக்கிறது.

போட்ஸ்வானாவில் 2020-இல் 4,500 குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ், சில கணக்குகளோடு. இன்னொரு பகுதியினருக்கு எஸ்எம்எஸ்ஸோடு 15 முதல் 20 நிமிட அழைப்பும். எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படி முன்னேற்றம் நிலைக்கவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று 5 நாடுகளில் பெரிய அளவில் செய்தபோதும் பலன் இருந்தது. அரசு ஆசிரியர்களே அழைத்த இடங்களிலும் பலன் குறையவில்லை. அரசுப் பள்ளியால் முடியாது என்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

நேரக் கணக்கு: வகுப்பாசிரியருக்கு 40 பேர், ஆளுக்கு 15 நிமிடம், வாரம் 10 மணி நேரம். எடுக்காத அழைப்பு, மறுபடி அழைப்பது எல்லாம் சேர்த்து 13 என்று வையுங்கள். நாளுக்கு இரண்டரை மணி நேரம் சொச்சம். செய்யக்கூடியதே. ஆனால் அதே வாரத்தில் பள்ளிக்கு வந்து உணவுப் பொருள் கொடுப்பது, கணக்கெடுப்பு, நிவாரண வேலை என்று ஆசிரியரை இழுத்தால் இது செத்துவிடும். இரண்டு துறைகளையும் ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இங்கிலாந்திலும் அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தே இருந்தது. ஒரே ஆசிரியர் நேரிலும் தொலைவிலும் இரண்டு வேலை பார்த்தார்.

அழைப்பு எப்படி இருக்க வேண்டும்: முதலில் பெரியவரிடம் ஒரு நிமிடம், பிறகு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். போன வாரக் கணக்கில் ஒன்றைக் குழந்தை வாய்விட்டுச் செய்ய வேண்டும், 3 நிமிடம். அது வந்தால் அடுத்த படி, வராவிட்டால் ஒரு படி கீழே. வகுப்பை மறந்துவிடுங்கள், நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் வரவில்லை என்றால் அந்த வாரம் கூட்டல்தான். கடைசி 2 நிமிடம் அடுத்த அழைப்பு எந்த நாள், எத்தனை மணி என்று முடிவு செய்ய.

சறுக்கும் இடங்கள்: அழைப்பு நலம் விசாரிப்பாக மாறிப் பாடமே நடக்காமல் போவது. பக்கத்தில் இருந்து அம்மாவோ அண்ணனோ விடை சொல்லிக்கொடுப்பது. அதைத் தடுக்க விடையைக் கேட்காதீர்கள், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுவது. ஆசிரியரின் எண்ணை மூடலுக்கு முன்பே வீட்டில் பதிந்து வைத்திருக்க வேண்டும். கைபேசி பெரியவரோடு வேலைக்குப் போகும் வீடுகளுக்கு மாலை 6:30 முதல் 8 வரை. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில் இருந்தால் மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே அழைப்பது அந்தக் குடும்பத்துக்குத் தொல்லை. வீட்டுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அழைப்புச் செலவை ஆசிரியர் தலையில் கட்டாமல் பள்ளி ஏற்க வேண்டும்.

■ தாள்கட்டு

அழைப்போடு கூடவே காகிதமும் போக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை எதைப் பார்த்துப் பேசும்?

600 பேர் உள்ள பள்ளி, ஆளுக்கு வாரம் 8 பக்கம். 4,800 பக்கம், இரு புறமும் அச்சிட்டால் 2,400 தாள், ஏறக்குறைய 5 ரீம். நிமிடத்துக்கு 20 பக்கம் அடிக்கும் அலுவலக பிரிண்டரில் இடைவிடாமல் 4 மணி நேரம். நடுவில் சூடாகித் தாள் சிக்கும், ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். நகலெடுக்கும் டூப்ளிகேட்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் சாம்பல் நிறப் புகைப்படங்கள் கருப்புத் திட்டாக விழும். கோட்டுப் படம் மட்டும் வையுங்கள்.

ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் வகுப்பு, வார எண், மாணவர் வரிசை எண். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் பின் கழன்றதும் யாருடையது என்று தெரியாது. விடை எழுத அதே தாளில் இடம் விடுங்கள். தனி நோட்டில் எழுதச் சொன்னால் நோட்டு திரும்பி வராது. ஒவ்வொரு பக்கத்திலும் செய்து காட்டிய கணக்கு ஒன்று, பாதி செய்தது ஒன்று, பிறகுதான் குழந்தை தானே செய்வது. பாடப்புத்தகப் பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பள்ளிகள் தோற்றது இதனால்தான்; அந்தப் பக்கம் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது.

புதிய கட்டைக் கொடுக்கும்போது பழைய கட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரே கையோடு. வாங்கியதை அடுத்த வாரம் குறிப்போடு திருப்பித் தர வேண்டும். ஒரு முறை திருத்தாமல் திருப்பிக் கொடுத்தால் போதும், அதன் பிறகு பாதிப் பேர் எழுத மாட்டார்கள்.

■ நேர அட்டவணை

ஒரு திருத்தம். "தனியார்" என்று ஒரே பையில் எல்லாவற்றையும் போடுகிறோம். குறைந்த கட்டணத்தில் ஓடும் தனியார் பள்ளிகள் பல நாடுகளில் அரசுப் பள்ளிகளைவிட மோசமாக அடிபட்டன. பள்ளி மூடியதும் கட்டணம் நின்றது, கட்டணம் நின்றதும் சம்பளம் நின்றது, ஆசிரியர் வேறு வேலைக்குப் போனார். பிள்ளைக்கு வந்ததெல்லாம் எங்கிருந்தோ ஃபார்வேர்டு செய்த வீடியோ. அரசு ஆசிரியருக்குச் சம்பளம் தொடர்ந்ததால் கூப்பிட்டால் ஆள் இருந்தார். அது அரசுத் துறையின் உண்மையான பலம், அதைப் பயன்படுத்தத் தவறிய இடங்கள்தான் வருத்தம் தருகின்றன.

■ அலைவரிசை

வானொலியை யாரும் சொல்லவில்லையே. 1937-இல் சிகாகோவில் போலியோ பரவிப் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, 3 முதல் 8 வரை உள்ள வகுப்புகளின் சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலியில் 15 நிமிடப் பாடங்கள் போயின. அட்டவணையும் வேலையும் காலைச் செய்தித்தாளில் வந்தன. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண்ணும் இருந்தது. அன்றும் வானொலி இல்லாத வீடுகளும் அலை சரியாக எட்டாத பகுதிகளும் விடுபட்டன.

பாடத்தை வானொலிக்கு எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. 1970-களில் நிகரகுவாவில் கணக்குப் பாடத்தை வானொலியில் நடத்தியபோது, கேள்விக்குப் பின் குழந்தை உரக்கப் பதில் சொல்ல இடைவெளி விட்டு, பிறகு சரியான விடையைச் சொன்னார்கள். சில நொடி மௌனம். உரையாக வாசித்துவிட்டுப் போனால் குழந்தை கேட்பவராக மட்டும் இருக்கும். இந்த மௌனம் இருந்தால் வேலை செய்யும். நிகழ்ச்சியின் வார எண்ணும் தாள்கட்டின் வார எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

■ அகரம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பைத் தனியாகப் பேச வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு மேலே சொன்ன எதுவும் தானாக ஓடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். அந்தப் பெரியவருக்கே படிக்க வராத வீடுகளில்தான் இடைவெளி ஆழமாகிறது, எந்தப் பள்ளியாக இருந்தாலும்.

அங்கே தாளைக் குறைத்து வாயை அதிகமாக்குங்கள். நாளுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு 4 எழுத்துக்கு மேல் வேண்டாம். அழைப்பில் ஆசிரியர் ஒலியைச் சொல்ல, அதே ஒலியில் தொடங்கும் பொருள் ஒன்றை வீட்டுக்குள் தேடி எடுத்துவரச் சொல்லலாம். எழுத்தைக் காற்றில் அல்லது தரையில் பெரிதாக எழுதட்டும். பெரியவருக்குப் படிக்க வராவிட்டால், அக்காவோ அண்ணனோ நாலாம் வகுப்பில் இருந்தால் அவர்களுக்குப் பொறுப்பு கொடுங்கள், அவர்களது அழைப்பின்போது இதையும் கேளுங்கள். அவர்களுக்கும் வாசிப்புப் பயிற்சியாகும்.

■ கரும்பலகை

இவ்வளவும் நடக்கிறதா என்று தலைமை ஆசிரியர் எதை வைத்துப் பார்ப்பது? மேலே அனுப்பும் அறிக்கையில் "95 சதவீதம் பங்கேற்பு" என்று எழுதுவார்கள், குரூப்பில் எண் இருந்தாலே பங்கேற்பு என்று கணக்கு.

■ திருத்தும் பேனா

குரூப்பில் சேர்ந்தவர் எண்ணிக்கை, இணைப்பைத் திறந்தவர் எண்ணிக்கை இரண்டும் கருவியைத்தான் எண்ணுகின்றன. ஒரு பதிவேடு போதும், குழந்தைக்கு ஒரு வரி, வாரத்துக்கு மூன்று கட்டம்: குழந்தையின் குரலை ஆசிரியர் கேட்டாரா, எழுதியது கைக்கு வந்ததா, திருத்தித் திரும்பப் போனதா. மூன்றுக்கும் தேதி போட வேண்டும், டிக் கூடாது. டிக் என்றால் வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாகப் போட்டுவிடுவார்கள்.

தலைமை ஆசிரியர் வாரம் ஒரு முறை மூன்றாவது கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். அது காலியாக இருந்தால் முதல் இரண்டும் நிரம்பியிருந்தும் பயன் இல்லை. ஒரே குழந்தைக்கு இரண்டு வாரம் முதல் கட்டமே காலி என்றால் அழைப்பை நிறுத்திவிட்டு ஆள் நேரில் போக வேண்டும். எண் மாறியிருக்கும், குடும்பம் இடம் மாறியிருக்கும், அல்லது பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். மூன்றாவது என்றால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் திரும்ப அழைத்துவரலாம். அதனால் குழந்தைக்கு இரண்டு தொடர்பு எண், வீட்டை அடையாளம் காட்டும் ஒரு வரி, பக்கத்து வீட்டு மாணவர் யார் என்ற விவரம், இவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எண்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துச் சரிபார்க்க வேண்டும்.